கையைக் கட்டிக்கொண்டு செய்த வேலை

சக்கர நாற்காலி ஓட்டம் பழக்குகிற வேலையில் பாதி டயருக்குக் காற்றடிப்பது. மறுபாதி கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. அந்த மறுபாதி எவ்வளவு கஷ்டம் என்று, நோயாளிப் பிள்ளையைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போன உம்மாமாருக்குத் தெரியும். பிறர் பிள்ளையைப் பார்க்க வெளிநாடு போனவர்களுக்கும் தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அங்கே அரபியில் கதைத்ததை நம் பேச்சிலேயே எழுதியிருக்கிறேன். நான் அதிகம் படிக்கவில்லை, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலு பேர்

தொண்ணூறாம் ஆண்டுப் பிரச்சினை நேரம், கல்முனைக்குப் போன என் மகன் றிஸ்வானின் முதுகில் ஷெல் துண்டு பட்டது. உயிர் தப்பியது அல்லாஹ்வின் றஹ்மத். ஆனால் இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அவன் வாப்பா அதற்கு முன்பே மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து வீட்டு ஆதம் காக்காவும் இன்னும் மூன்று பேரும் வந்து, அவனைக் கதிரையோடு தூக்கி பள்ளிவாசலுக்கு ஜும்ஆத் தொழுகைக்குக் கொண்டுபோவார்கள். நன்மையை நாடித்தான் தூக்கினார்கள். சனம் வழிவிட்டு நிற்கும். பெண்கள் வேலிக்குள் நின்று உச்சுக்கொட்டுவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அறையை விட்டு வரவேயில்லை. அவன் வைத்தியச் செலவுக்காகத்தான், கால் வழங்காத ஒரு பிள்ளையைப் பார்க்கும் வேலைக்கு அரபு நாட்டுக்குப் போக ஒத்துக்கொண்டேன். இளைய மகள் வந்து அவனோடு இருந்தாள். பயணம் சொல்லப் போனபோதும் அவன் முகத்தைத் திருப்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"நாலு பேர் தூக்கிப் பள்ளிக்குப் போறது மௌத்தானாத்தான் உம்மா. நான் மௌத்தாகிட்டன் எண்டு நினைச்சிட்டுப் போங்க."

வெள்ளைக்காரி

நான் பார்க்கப் போன பிள்ளையின் பெயர் ஹெஸ்ஸா. வயது பதினாறு. கார் விபத்தில் கால்கள் வழங்காமல் போனவள். பின்னேரங்களில் அவளைப் பெண்களுக்கான விளையாட்டுக் கழகத்துக்குக் கூட்டிப்போவேன். ஆண்வாடையே இல்லாத இடம். வெளியில் கண் மட்டும் தெரிகிற பெண்கள், உள்ளே வந்ததும் அபாயாவைக் கழற்றித் தொங்கவிட்டுவிட்டு, கூரை அதிரச் சிரிப்பார்கள். எனக்கு அது புதினம். முன்னுக்கு ஒரு சில்லும் பின்னுக்கு இரண்டு சில்லும் வைத்த நீட்டு நாற்காலிகளில் நாலு பிள்ளைகள் ஓட்டம் பழகினார்கள்.

முதல் நாள் ஹெஸ்ஸா ஓர் ஏற்றத்தில் திணறினாள். எங்கள் ஊரில் வண்டில் சேற்றில் புதைந்தால் யாரும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை, ஓடிப்போய்த் தோள் கொடுப்போம். நானும் ஓடிப்போய்த் தள்ளிவிட்டேன். பழக்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரி விசில் ஊதி எல்லோரையும் நிறுத்தினாள். கோபிக்கவில்லை. என் கையைப் பிடித்து மெதுவாக எடுத்துவிட்டாள். தெரிந்த கொஞ்ச அரபியில் சொன்னாள்:

"நீ தொட்டா அது அவள்ட ஓட்டம் இல்ல, உன்ட ஓட்டம்."

பிஸ்மில்லாஹ்

வெள்ளைக்காரியின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. வேறு பெண் கிடைக்கவில்லை, ஆண்கள் வரவும் முடியாது. டயருக்குக் காற்றடிக்கவும் கையுறைக்கு டேப் சுற்றவும் தெரிந்த ஆள் நான் மட்டும்தான். ஹெஸ்ஸா விசிலை எடுத்து என் கழுத்தில் போட்டுவிட்டாள்.

எனக்கென்ன தெரியும்? தினம் பார்த்ததுதான். சில்லின் வளையத்தை இறுக்கிப் பிடிக்காதே, குத்திவிட்டுக் கையை விடு என்று மா இடிக்கிற மாதிரி செய்து காட்டினேன். உலக்கையைக் கண்டிராத பிள்ளைகள் கண்ணைக் கண்ணைச் சிமிட்டினார்கள். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, எண்ணத் தொடங்கும் முன், சோற்றில் கை வைக்கும்போது சொல்கிற வாய்ப்பழக்கத்தில் "பிஸ்மில்லாஹ்" என்றேன். ஒருத்தியும் அசையவில்லை. ஹெஸ்ஸா கேட்டாள்:

"ஓடுறதா மாமா, சாப்பிடுறதா?"

தஸ்பீஹ்

அங்கே வேலைக்காரியையும் பிள்ளைகள் மாமா என்பார்கள். மாமா என்றால் அம்மாதான். ஆனால் ஹெஸ்ஸாவைப் பெற்ற மெடம் அந்த ஓட்டத்தை விரும்பவேயில்லை. வீட்டில் பிள்ளையைத் தள்ள மூன்று பேர் இருந்தோம், பிறகேன் அவள் கை நோக வேண்டும் என்பார்.

கழகத்தில் போட்டி வைத்தார்கள். பார்க்க வந்ததும் பெண்கள்தான். எங்கள் ஊர்க் கல்யாண வீட்டில் போடுகிற குரவை அங்கேயும் இருந்தது. அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. முடிகிற கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஹெஸ்ஸாவின் முன்சில்லு ஓரத்துத் தடுப்பில் மாட்டிக்கொண்டது. மற்றப் பிள்ளைகள் தாண்டிப் போனார்கள். "தள்ளு, தள்ளு!" என்று மெடம் கத்தினார். நான் எட்டித் தொடுகிற தூரத்தில் நின்றேன். இரண்டு கையாலும் தஸ்பீஹ் மணிமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். யா அல்லாஹ், இந்தக் கைகளைப் பிடித்துக்கொள் என்பதுதான் என் துஆ. ஹெஸ்ஸா அழுதாள், பின்னுக்கு எடுத்தாள், நேராக்கினாள், கோட்டைத் தாண்டினாள்.

மெடம் இறங்கி வந்து என் முகத்துக்கு நேரே கேட்டார்: "உனக்குப் பிள்ளைகள் இருக்கா?" எனக்கு றிஸ்வானின் முதுகுதான் கண்ணுக்குள் வந்தது. ஹெஸ்ஸாதான் தாயைப் பார்த்துச் சொன்னாள்:

"கடைசியா வந்தது நான்தான். ஆனா என்னை ஆரும் கொண்டு வந்து விடல்ல."

சீனி

ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வரும்போது, ஹெஸ்ஸா தான் வீட்டில் பாவித்த பழைய சக்கர நாற்காலியைத் தந்துவிட்டாள். அதை மெடமே துடைத்துக் கட்டிக் கொடுத்தார்.

நாற்காலியை றிஸ்வானின் கட்டில் ஓரத்தில் வைத்தேன். தேத்தண்ணியை மட்டும் கட்டிலுக்குக் கொண்டுபோகாமல் விறாந்தையில் வைத்தேன். மகள் என்னோடு சண்டை பிடித்தாள். ஆறிப்போன தேத்தண்ணியை நானே குடித்துவிட்டு, குசினிக்குள் போய் அழுவேன். ஒரு காலையில், ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. தஸ்பீஹைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே நின்றேன். போகவில்லை. நெடுநேரத்துக்குப் பிறகு விறாந்தையிலிருந்து குரல் வந்தது:

"சீனி காணாது உம்மா."

மணல்

எங்கள் வீட்டிலிருந்து சந்திவரை கொங்கிறீட் பாதை. அங்கிருந்து பள்ளி வாசல்வரை கடல் மணல். ஒரு வெள்ளிக்கிழமை, றிஸ்வான் வெள்ளைச் சாரன் உடுத்து, தானே நாற்காலியில் ஏறிப் புறப்பட்டான். நான் பின்னால் போய்ச் சந்தி மதிலோடு ஒதுங்கி நின்றேன். மணலில் நாலு பாகத் தூரம் போவதற்குள் முன்சில்லுகள் புதைந்துவிட்டன. ஆதம் காக்காவும் ஆட்களும் ஓடி வந்தார்கள்.

"கையை எடுங்க காக்கா!" என்றேன். ஆண்கள் நிற்கிற இடத்தில் நான் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை.

"என்ன லாத்தா இது, புள்ள வெயில்ல கிடந்து காயுறான். வெளிநாட்டுக்குப் போய் இரக்கத்தையும் வித்துப்போட்டா வந்தீங்க?"

தஸ்பீஹ் மணிகள் உள்ளங்கையில் பதிந்துபோயிருந்தன. பாங்கு சொல்லி முடிந்தது. றிஸ்வான் யாரையும் பார்க்கவில்லை. நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பினான். பெரிய சில்லுகள் முன்னுக்குப் போக, பள்ளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இழுத்துப் போனான். அவன் முகம் என் பக்கம் இருந்தது. வெளிநாடு போகும்போது எனக்குப் பார்க்கக் கிடைக்காத முகம். ஆதம் காக்கா தூக்க நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, அவனோடு நடந்தார்.

தொழுகை முடிந்து வந்தவன், நான் இன்னும் சந்தியில் நிற்பதைக் கண்டு நாற்காலியை நிறுத்தினான்.

"அஸறுத் தொழுகைக்கும் நான் வருவன். நீங்க பின்னால வராதீங்க உம்மா."

கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற வேலை அரபு நாட்டில் ஒப்பந்தம் முடிந்ததால் போனது, ஊரில் மகன் நிறுத்திவிட்டதால் போனது. வேலை போனதற்காக ஸுஜூதில் நெற்றி பதித்து, அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ர் செய்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.