இம்புட்டுப் பேரு வந்துமா?

காரைக்குடியில் அவர்கள் தெருவில் ஒரு பெண் இறந்துவிட்டால் முதலில் ஹசீனாவுக்குத்தான் ஆள் வரும். இலந்தை இலை போட்ட வெந்நீரில் மையித்தைக் குளிப்பாட்டி, கடைசி நீரில் கற்பூரம் கரைத்து ஊற்றி, கபன் துணி சுற்றி அனுப்பிவைப்பாள். தங்கை சப்ரினைக் குளிப்பாட்டும்வரை அவள் எதற்கும் பயந்ததில்லை.

சப்ரினுக்கு மார்பகப் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே நுரையீரல்வரை பரவியிருந்தது. முப்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தாள். "வேற யாரையும் தொட விடாதீக" என்று சொல்லிவிட்டு ஹசீனாவே குளிப்பாட்டினாள். கையில் சுற்றியிருந்த துணியையும் மீறி அந்தக் கட்டி விரலில் இடறியது. அடங்கிப்போன உடம்பில் அது மட்டும் அடங்காமல் இருப்பதுபோல் இருந்தது.

அதன்பிறகு மாவு பிசையும்போதும் தலையணையைத் தட்டும்போதும் அது விரலுக்கு அகப்பட்டது. ஒருநாள் குளிக்கையில் தன் மார்பிலேயே அகப்பட்டது. வெறும் நினைப்புதான் என்று சில வாரம் தள்ளிப்போட்டாள். கட்டி கரையவில்லை.

மதுரையில் சப்ரினுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சத்தியப்பிரியாவிடமே போனாள். சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்த முடிவு வந்த அன்று, டாக்டர் வாய் திறக்கும் முன்பே சொன்னாள்.

"தெரியும் டாக்டரம்மா. அவ நோவை எனக்குக் குடுத்துட்டுப் போயிட்டா."

"இது ஒட்டுற நோயில்லம்மா. ரெண்டும் ஒரே மாதிரியும் இல்ல. உங்க கட்டியில ஹார்மோன் ஏற்பி இருக்கு. உடம்புல ஊறுற ஹார்மோனைப் பிடிச்சுத்தான் அது வளருது. மாத்திரையால அதைத் தடுக்கலாம். சப்ரினோட கட்டியில அந்த ஏற்பியே இல்ல."

டாக்டர் திரையில் இரண்டு கட்டிகளின் நுண்ணோக்கிப் படங்களையும் காட்டினார். ஒன்றில் ஊதாப் புள்ளிகள் மொய்த்துக் கிடந்தன. மற்றதில் அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

"இதெல்லாம் என்ன?"

"நோயை எதிர்க்க உடம்பு அனுப்புற செல்கள். ஏற்பி இல்லாத கட்டிக்குள்ள பெரும்பாலும் நிறைய வரும். உங்களுது மாதிரியான கட்டியில கம்மியாத்தான் இருக்கும்."

"அப்ப கூட்டமா இருக்கது அவளுதா?"

"ஆமா."

"இம்புட்டுப் பேரு வந்துமா டாக்டரம்மா?"

"வர்றது நல்லதுதான். ஆனா நோய் அதுக்கு முன்னாடியே பரவிருச்சும்மா."

கடைசி மாதங்களில் சப்ரின் சுவரைப் பார்த்தே படுத்துக்கிடந்தாள். பிழைக்க ஆசையில்லாமல் போய்விட்டாள் என்று ஹசீனாவுக்கு அவள்மேல் கோபம் இருந்தது. இப்போது அந்தப் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. வாய் திறக்காமல் கிடந்தவளின் உடம்புக்குள் இத்தனை நடந்திருக்கிறது.

ஹசீனாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. தினமும் மாத்திரை சாப்பிடுகிறாள். அடுத்தடுத்த சோதனைகளில் கட்டி எதுவும் தென்படவில்லை. மறுபடி குளிப்பாட்டக் கூப்பிட்டார்கள், போனாள். எந்த மையித்தின் மார்பில் கை பட்டாலும் ஒரு கணம் விரல் நின்றுவிடுகிறது.

போன மாதம் சப்ரினின் மகள் ஜாஹிதாவை மதுரைக்கு அழைத்துப்போனாள்.

"எனக்கு ஒண்ணுமில்லயே பெரியம்மா. இப்பவே எதுக்கு?"

"அவுக பாத்துச் சொல்லட்டும்."

ரத்தம் எடுத்தார்கள்; சில வாரம் கழித்து முடிவு வாங்கப் போனபோது, பரம்பரையாக வரும் குறை எதுவும் இல்லை என்றார்கள். திரும்பும்போது பஸ்ஸில் ஜாஹிதா அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். திருப்பத்தூர் தாண்டியும் ஹசீனா அவள் மூச்சையே கேட்டுக்கொண்டு வந்தாள்.