வாப்பா வாறார்

ஏறாவூரில் சாரன் துணிக்கடை பாறூக் என்று விசாரித்தால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'வாப்பா வாறார்' என்று விசாரித்தால் சின்னப் பிள்ளையும் கடையைக் கைகாட்டிவிடும். அந்தப் பெயர் காதில் விழுந்தால் போதும், பாறூக்குக்கு உள்ளங்காலில் இருந்து உச்சந்தலை வரை சூடு ஏறும். கெட்ட மனிதர் இல்லை. ஐந்து நேரத் தொழுகைக்கும் பள்ளியில் முன்வரிசையில் நிற்பவர். கோபத்தை மட்டும் அல்லாஹ் அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்திருந்தான்.

பெயர் வந்தது ஒரு விளையாட்டால். தொண்ணூறுகளின் கடைசியில், அவருடைய கடைக்கு நேரெதிரே ஜிப்ரி என்று ஒருவன் டிவி கேம் கடை திறந்தான். அங்கே எல்லாரும் அடித்துப் பிடித்து விளையாடியது ஒரே ஒரு கெசட். சிவப்புக் காற்சட்டை போட்ட ஒரு குள்ளன் உடைந்த பாலங்களைத் தாண்டித் தாண்டி ஓடுவான். அதன் சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. பாலத்துக் கேம் என்றார்கள். கடைசிப் பாலத்தில் கொம்பு வைத்த ஒரு பூதம் வரும். வரும்போது தொண்டை கட்டிய குரலில், எந்த நாட்டுப் பாஷையோ, ஏதோ கத்தும். பொடியன்மார் காதில் அது, தகப்பன் வருவதாக, 'வாப்பா வாறார்' என்று விழுந்தது.

பாறூக்கும் அந்த நேரம்தான் வருவார். அந்தியில், மஃரிப் பாங்குக்கு முன்னால், துணி அளக்கிற கோலைக் கீழே வைக்கக்கூட நினைவில்லாமல், மூத்த மகன் பஹ்மியைப் பள்ளிக்கு இழுத்துப் போக வாசலில் வந்து நிற்பார். ஒரு நாள் பூதமும் அவரும் ஒன்றாக வந்துவிட்டார்கள். கடை முழுதும் விழுந்து விழுந்து சிரித்தது. பெயர் அன்றைக்கு ஒட்டியது.

அதையாவது பொறுத்திருப்பார். அவருடைய சொந்த வாப்பா மவுத்தான நாளில், ஜனாஸாவைத் தோளில் தாங்கி மையவாடிக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, பின்னால் யாரோ மெதுவாக, "வாப்பா போறார்" என்றான். இன்னொருவன் சிரிப்பை விழுங்கும் சத்தம் கேட்டது. தோளில் பெற்றவரை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்க முடியுமா? யார் என்று இன்றுவரை தெரியாது. ஒருவன் மேல் இறக்கிவைக்க வழியில்லாத கோபத்தை ஊர் முழுவதன் மேலும் வைத்துக்கொண்டார்.

ஜிப்ரி கடையை மூடினான். பாறூக் இரண்டு றக்அத் அதிகமாகத் தொழுதார். ஆனால் அந்தக் குள்ளன் சாகிற சாதி இல்லை. கொஞ்ச நாளில் கொம்பியூட்டருக்குள் வந்தான். பிறகு போனுக்குள் வந்தான். காற்சட்டை நிறம் மாறும், பாலம் மாறும், பூதத்துக்கு ஒரு கொம்பு கூடும். தாண்டுவது மட்டும் அதே தாண்டல்தான். மீசை நரைத்த ஆட்டோக்காரர்கள்கூட ஸ்டாண்டில் போனை வைத்துக்கொண்டு அதைத் தாண்டினார்கள். குள்ளன் புதுச் சட்டை போடும்போதெல்லாம் ஊரும் பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்தது. செத்ததை ஏன் இவன்கள் திரும்பத் திரும்பக் கிண்டி எடுக்கிறான்கள் என்று பாறூக் கொதித்தார். கண் காணாத தேசத்தில் இருந்து அந்தக் கேமைச் செய்கிறவனுக்கும் சேர்த்துத் திட்டினார். பிறகு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பாச் செய்தார்.

கடைசி மகள் நிஸ்றாவுக்கு வெளியூரில், காத்தான்குடியில், மாப்பிள்ளை எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். இந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பவர். தன் கூரைக்குள் இருக்கப்போகிற மருமகனுக்காவது தான் மாமாவாக மட்டும் இருக்க வேண்டும், அந்தப் பெயர் அவர் காதில் விழவே கூடாது என்று பாறூக் நினைத்தார். அவர் கேட்டது அது ஒன்றைத்தான். மனைவி ஸஹீதாவிடமும் நிஸ்றாவிடமும் அதைச் சொல்லிவைத்தார். சொன்ன விதத்தில் இரண்டு பேரும் உடனே தலையாட்டினார்கள்.

மருமகன் அப்ஹாம் அமைதியான பிள்ளை. பள்ளிக்குக் கூப்பிடாமலே வந்தான். கலியாணமாகி இரண்டாம் வாரம் தன் சாமான்களோடு ஒரு கறுப்புக் கேம் பெட்டியையும் கொண்டுவந்து ஹோலில் டிவியோடு இணைத்துப் பூட்டினான். பாறூக் எட்டிப் பார்த்தார். திரையில் சிவப்புக் காற்சட்டைக் குள்ளன் நின்றான். முதல்முதல் வந்த அதே பாலத்துக் கேமைத்தான் புதிதாகக் கட்டியிருந்தார்கள். அதே பாலங்கள். தண்ணீர் மட்டும் இப்போது வாவித் தண்ணீர் போலவே மினுங்கியது.

கோபம் வந்தால் முகம் கைகால் கழுவி வுழூச் செய்யச் சொல்லியிருக்கிறது. அந்தக் கிழமை ஏழு நாளும் பாறூக் செய்த வுழூவுக்குக் கிணறு வற்றாமல் இருந்தது பெரிய காரியம்.

ஒரு ஆறுதல் இருந்தது. புதுப் பூதம் பழைய மாதிரிக் கத்தவில்லை. சுத்தமான இங்கிலீசில் என்னவோ கர்ஜித்தது. பாறூக் மூச்சு விட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம், அவர் பள்ளிக்குப் போகத் தொப்பியை எடுக்கும்போது, ஹோலில் இருந்து தொண்டை கட்டிய அந்தப் பழைய குரல் வந்தது. வாப்பா வாறார். குசினிக்குள் அடுப்படியில் நிஸ்றா முந்தானையால் வாயைப் பொத்துவதையும் அவர் கண்டார்.

ஹோலுக்குள் போய் டிவியின் வயரைப் பிடுங்கினார்.

"ஆரு உங்களுக்குச் சொன்ன?"

அப்ஹாம் எழும்பி நின்றான். "என்னத்த மாமா?"

"நடிக்காதீங்க மருமகன். அந்தச் சத்தத்த ஏன் போட்ட?"

"அது பழைய சத்தம் மாமா. புதுசுல கேம் செஞ்சவன் எல்லாத்தையும் வடிவாத்தான் செஞ்சிரிக்கான். ஆனா அந்தச் சத்தம் இல்லாட்டி பூதம் வந்த மாதிரியே இல்ல. எங்களப் போல ஆக்கள் கேப்பாங்க எண்டு அவனே அதயும் உள்ளுக்கு வெச்சிரிக்கான்."

"அது என்ன சொல்லுது?"

அப்ஹாமுக்கு வெட்கம் வந்துவிட்டது. "சின்ன வயசுல நாங்க 'ஆப்பம் தாறா' எண்டு சொல்லுற."

"ஆப்பமா?"

"கேம் கடை வாசல்ல ஒரு ராத்தா ஆப்பம் சுட்டு விக்கிற மாமா. எங்களுக்கு எந்த நேரமும் பசி. பூதம் கத்தினா ஆப்பம் எண்டுதான் கேக்கும்."

பாறூக் வயரைத் தானே திரும்பக் குத்தினார். இன்னொருக்கா போடச் சொன்னார். பூதம் கத்தியது. ஆப்பம் தாறா. இன்னும் ஒருமுறை போடச் சொன்னார். வாப்பா வாறார். எதை நினைத்துக்கொண்டு கேட்டாரோ அதையே அது சொன்னது.

கோபம் ஆறவில்லை, இடம்தான் மாறியது. காத்தான்குடியில் வாசலில் ஆப்பம் இருந்திருக்கிறது. ஏறாவூரில் வாசலில் துணி அளக்கிற கோலோடு அவர் நின்றிருக்கிறார். பிள்ளைகளின் காதில் வாசலில் நின்றது விழுந்திருக்கிறது. எல்லாருக்கும் முன்னால் பஹ்மியின் காதில் விழுந்திருக்கும். கட்டார் நாட்டில் வேலை செய்துகொண்டு, நரை விழத் தொடங்கிய வயதிலும், வீடியோ கோலில் வாப்பாவின் முகம் வந்தவுடன் குடித்துக்கொண்டிருக்கும் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிடுகிறவன் அவன். ஊரைத் திட்டலாம். இதற்கு யாரைப் பிடித்துத் திட்டுவது?

"ஏன் மாமா," என்று அப்ஹாம் கேட்டான், "உங்கட ஊர்ல என்ன சொல்லுற?"

குசினி வாசலில் நிஸ்றா அசையாமல் நின்றாள். ஸஹீதா அகப்பையோடு எட்டிப் பார்த்தாள். வெளியே பாங்கு தொடங்கியது. அது முடிய பாறூக் தொப்பியைத் தலையில் வைத்தார்.

"வாப்பா வாறார் எண்டு சொல்லுற," என்றார். குரலில் சூடு அப்படியே இருந்தது. "அந்த வாப்பா நான்தான். ஊருக்கே தெரியும். எழும்புங்க, தொழப் போவம்."

அப்ஹாம் உதட்டைக் கடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தான். தோள் மட்டும் குலுங்கியது.

"சிரிக்கிறதெண்டா இஞ்சயே சிரிச்சு முடிச்சிட்டு வாங்க," என்றார் பாறூக், செருப்பை மாட்டிக்கொண்டே. "பள்ளிக்குள்ள சிரிக்க ஏலாது."