அத்தான் பூசிய குழாய்கள்

என் அக்காள் புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு முப்பத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது. அவ்வளவு பொறாமை.

இரண்டு பேரும் ஒரே ஆலையில், ஒரே பாய்லர் அறையில் வேலை பார்த்தோம். அப்போது அவர் எனக்கு அத்தானும் இல்லை, பொத்தானும் இல்லை. நீராவிக் குழாய்களின் சூடு ஆறாமல் இருக்க மேலே பூச்சுப் போடுவது அவர் வேலை. ஆஸ்பெஸ்டாஸ் தூளை அரை டிரம்மில் கொட்டி, தண்ணீர் விட்டு, வெறுங்கையால் பிசைந்து குழாயில் அப்புவார். உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் மேடு பள்ளம் தெரியாது. நான் அப்பினால் அம்மை போட்ட முகம். போர்மேன் வருகிறவர்களுக்கெல்லாம் அவர் குழாயைத்தான் காட்டுவார். என்னைத் தூள் மூட்டை தூக்கச் சொல்லுவார்.

ஆறு வருஷத்தில் அவர் அதை விட்டுவிட்டுப் பஸ் ஓட்டப் போனார். பிறகுதான் அக்காவைக் கட்டினார். ஒரு நாள் அக்கா வீட்டில் விருந்தாளிகள் முன்னால் நான் அளந்துவிட்டேன்: அந்தப் பூச்சு வேலை முழுக்க என்னுடையது, இவர் வெளியே கரி தள்ளியவர் என்று. அத்தான் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார், மறுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையும் எனக்கு எரிந்தது. பொய் நிலைத்துவிட்டது.

போன வருஷம் அவருக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. வலது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. முதுகில் ஊசி குத்தி ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள், ரத்தம் கலந்த நீர். மூன்றே வாரத்தில் மறுபடி கோத்துக்கொண்டது. நீரைச் சோதித்ததில் காசநோய் இல்லை, வேறெதுவும் பிடிபடவும் இல்லை. எப்போதாவது ஆஸ்பெஸ்டாஸில் வேலை பார்த்தாரா என்று டாக்டரம்மா கேட்டார்.

"அது என் தம்பிங்க. இவரு வெளிய கரி தள்ளினவரு," என்றாள் அக்கா.

அத்தான் என்னைப் பார்த்தார், பேசவில்லை. அந்தக் காலத்துத் தூசிக்கும் இந்த நீருக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருப்பார். நான் அதையே டாக்டரம்மாவிடம் கேட்டேன். அந்தத் தூள் நுரையீரலின் மேலுறையில் தங்கி முப்பது, நாற்பது வருஷம் கழித்துப் புற்றுநோயாகலாம், மீசோதீலியோமா என்று பெயர், பல பேருக்கு முதலில் நீர்தான் கோக்கும் என்றார். நீரை மட்டும் சோதித்தால் பல சமயம் தெரியாதாம். அந்த வேலை பார்த்தவர் என்றால் உறையிலிருந்து சதை எடுத்துப் பார்த்தாக வேண்டுமாம்.

"தூள் பிசைஞ்சது அவருதாம்மா. நான் மூட்டை தூக்கினவன். பொய் சொல்லிட்டேன்."

அக்கா திரும்பினாள். "எதுக்குடா?"

"அவரு கை எனக்கு வரலக்கா. அதான்."

அதற்குமேல் அவள் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை.

சதை எடுத்துப் பார்த்தார்கள். அதேதான். இப்போது ஒரு குழாய் வைத்து நீரை வடிக்கிறார்கள், மருந்தும் ஏறுகிறது. குணமாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. மூச்சு மட்டும் கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது.

மூட்டை தூக்கியவன் என்பதால் எனக்கும் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். இப்போதைக்கு ஒன்றுமில்லை. அதை அத்தானிடம் சொல்ல வாய் வரவில்லை. அவரே கேட்டார், சொன்னேன்.

"போ மாப்ள, இதுல நீ ஜெயிச்சிட்ட," என்றார், மூச்சை இழுத்து இழுத்து.

படுக்கையில் கிடந்துகொண்டு இப்படிப் பேச எனக்கு வருமா? வராது. அதற்கும் பொறாமைப்பட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.