பரமலிங்கம் பார்க்காத பக்கம்

கமலேஸ்வரிக்குத் தையல் வரும், பேச்சு வரும், பிடிவாதமும் வரும். மூன்றில் எதற்கு ஊரில் பெயர் அதிகம் என்று வட்டவளைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கேட்டால் சிரிப்பார்கள்.

துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றியபோது, புதுத் திரைகள் தைக்க அவளைத்தான் கூப்பிட்டார்கள். கழற்றிப் போட்டிருந்த பழைய திரையைப் பார்த்ததும் அவளுக்கு வேலை ஓடவில்லை. பால் நிறத் துணி முழுக்க நீல மையில் வரைந்தது போலப் படங்கள். ஒரு மரம், அதனடியில் ஆடு, கூடையோடு ஒருத்தி, பாலத்தில் மீன் பிடிக்கிற ஆள்.

“பிரான்ஸ் துணி அக்கா, துவால்னு பேரு. அந்தக் காலத்துல அங்க சுவரு, கட்டில், நாற்காலி எல்லாத்துக்கும் இதே துணியப் போட்டு அறைய அலங்கரிப்பாங்களாம். வேணும்னா எடுத்துக்குங்க” என்றாள், ஹோட்டலை அலங்கரிக்க வந்திருந்த ஷாமிலா.

வெள்ளிக்கிழமை புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும். லயத்து ஒற்றையறை இருட்டிலேயே பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு இப்போது முன்னறையில் பெரிய ஜன்னல். அதற்கு இந்தத் துணிதான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

மூட்டையைப் பார்த்த புருஷன் பரமலிங்கம், “என்னா அது?” என்றார்.

“துவாலுங்க. ஜன்னலுக்கு.”

“துவாலையா? குளிக்கிற துண்டையா ஜன்னல்ல மாட்டப் போற?”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்க்கிறவர்.

“பங்களாப் பழசு. புது வீட்டுக்குள்ள அது வரக் கூடாது.”

மனுஷனுக்கு ரோஷம் வர வேறு நேரமே கிடைக்கவில்லை. ஆனாலும் கமலேஸ்வரி விடவில்லை. ஒரு தடவை கண்ணால் பார்க்கட்டும், பிறகும் கழற்றச் சொன்னால் கழற்றிவிடலாம். துணியைத் துவைத்து, வெயிலில் வெளுத்த ஓரங்களை வெட்டி, பின்னால் தைத்திருந்த வெள்ளைத் துணியையும் பிரித்து எடுத்தாள். மிச்சத்தில் இரண்டு நாற்காலிகளுக்கு உறை தைத்தாள். புதன்கிழமை அவர் வேலைக்குப் போனதும் புது வீட்டு ஜன்னலில் போய் மாட்டிவிட்டாள்.

சாயங்காலம் விஷயம் தெரிந்து சண்டைக்குத் தயாராக உள்ளே வந்தவர் ஜன்னலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கிட்டே போய்த் துணியைத் தொட்டுப் பார்த்தார்.

“இது எந்த ரூம்புல கெடந்துச்சு?”

“ரோஜாப் பாத்திக்கு நேரா இருக்குல்ல, சாப்பாட்டு ரூம்பு. அதுலதான்.”

“அதுல படம் இருந்துச்சா? வெளிய வெறும் வெள்ளைதானே தெரியும்?”

அந்த வெள்ளைத் துணியைப் பிரித்து எடுத்ததே அவள்தான். இத்தனை வருஷமும் அவர் நின்றது எந்தப் பக்கம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இருந்த கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

அவர் ஒரு நாற்காலியை இழுத்து ஜன்னலைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தார்.

அடுத்த வீட்டு ராக்காயி எட்டிப் பார்த்தாள். “அம்மாடி, என்னா அழகு! படத்த வெளிப்பக்கமாத் திருப்பிப் போடு கமலா, ரோட்டுல போறவங்க பாக்கட்டும்.”

கமலேஸ்வரி பதில் சொல்வதற்குள் பரமலிங்கம் முந்திக்கொண்டார்.

“வேணாம் அக்கா. உள்ளுக்கே இருக்கட்டும். நாங்க பாக்கணும்.”