பூண்டும் மிளகாயும் பிசைந்த வெண்ணெய்

போர்வெல் ரிக் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவருக்கு நான் வாழ்க்கைப்பட்டேன். மல்லசமுத்திரம் பக்கம், தோட்டத்துக்கு நடுவே ஒற்றை வீடு. மழைக்காலத்தில்தான் ரிக்குகள் திரும்பும். மழை விட்டதும் மகாராஷ்டிராப் பக்கம் கிளம்பிவிடும். மற்ற மாதங்களில் எனக்குப் பேச்சுத்துணை எருமைதான். அதற்கே அலுத்துப்போகும் அளவுக்குப் பேசியிருக்கிறேன்.

வீட்டிலிருக்கும்போதும் அவர் வாய் திறக்கமாட்டார். சாப்பிடுவார், கை கழுவுவார், லாரிப் பட்டறைக்குப் போய்விடுவார். ஒரு தடவைதான் சாப்பாட்டைப் பற்றித் தானாகப் பேசினார். மகாராஷ்டிராவில் ஒரு குடியானவர் வீட்டில், வரமிளகாயும் பூண்டும் உப்பும் இடித்து வெண்ணெயில் பிசைந்து, சோள ரொட்டி மேல் தடவிக் கொடுத்தார்களாம்.

"அடேயப்பா, என்ன ருசிங்கற!" என்றார்.

எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. என் கைச் சோற்றுக்கு இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லையே! அடுத்த மழைக்கு அதை நானே செய்து போடுவது, அந்த ருசிக்காவது மனுஷன் பட்டறைக்கு ஓடாமல் என்னோடு உட்கார்ந்து பேசட்டும் என்று முடிவு செய்தேன்.

வெண்ணெய் என்றால் எங்களுக்கு உருக்கத்தான். அதில் மிளகாயைப் போடுவதைப் பார்த்திருந்தால் எங்களிடம் வெண்ணெய் வாங்கும் ராசிபுரத்து நெய்க்காரர் என்னை மந்திரிக்கக் கூட்டிப்போயிருப்பார். முதல் தடவை பிசைந்து உருட்டி, வழக்கம்போலத் தண்ணீர்ச் சட்டியில் போட்டேன். கெடாமலிருக்க நாங்கள் அப்படித்தான் வைப்போம். காலையில் பார்த்தால் உப்பும் காரமும் தண்ணீரில் இறங்கி, வெண்ணெய் சப்பென்று கிடந்தது. சிரிப்பு வந்தது. சொல்லிச் சிரிக்க ஆளில்லை என்றதும் அழுகையும் வந்தது.

பிறகு வாழையிலையில் பொதிந்து, ஈரத்துணி சுற்றி வைத்தேன். ஒரு நாள் உப்பு தூக்கல், இன்னொரு நாள் பூண்டு பச்சை வாடை. பூண்டைச் சுட்டு இடித்த பிறகுதான் வாய்க்கு விளங்கியது.

மழைக்கு அவர் வந்தார். ஆயுதபூஜை முடிந்துதான் போவேன் என்றார். மறுநாள் ரொட்டி சுட்டு, வெண்ணெயைத் தடவி வைத்தேன். ஒரு வாய் மென்றவர் அப்படியே நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, அதே ருசிங்களா?"

"அதேதான் புள்ள!"

அப்புறம் பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். அந்த ஊர்ப் பாறை, தண்ணீர் பீறிட்டபோது கும்மாளமிட்ட சனம், வட்டமாக உட்கார்ந்து தின்ற ரொட்டி. தட்டுக்கு எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

கை கழுவிவிட்டு வந்தவர் சொன்னார்: "இதத் தின்னதும் மனசு அங்கயே போயிருச்சு. அங்க மழை விட்டுருச்சுன்னு நாளைக்கே ஒரு வண்டி கெளம்புதாம். அதுலயே போயர்றேன். இங்க சும்மா உக்காந்துக்கிட்டு என்ன பண்றது?"

மிச்சத்தை வழிக்குக் கட்டித் தரச் சொன்னார். கட்டிக் கொடுத்தேன்.

லாரி போன பிறகு வாசலில் நின்று என்னையே திட்டிக்கொண்டேன். அடிப் பாவி, கொஞ்சம் கெடுத்துச் செய்திருக்கக் கூடாதா?