ஜீப்பில் போனவர்

என் கண்ணில் எனக்கு அப்படியொரு நம்பிக்கை இருந்தது. கரும்பலகையில் எழுதிக்கொண்டே, பின்வாங்கில் எவள் சிரிக்கிறாள் என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நிந்தவூரில் படிப்பித்துவிட்டுப் பின்னேரம் பஸ்ஸில் கல்முனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். காரைதீவைக் கடக்கும்போது, ஆட்களைப் பிடித்துப்போகும் அதிரடிப்படை ஜீப் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. பின்னால் தொங்கிய படங்குச் சீலை காற்றில் விலகி உடனே மூடிக்கொண்டது. உள்ளே ஓர் ஆள் இருந்தார். கண் இமைக்கும் நேரம்தான். பஸ்ஸில் எல்லோரும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்களில் அப்படித்தான் பயணம் செய்வோம்.

வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டில் அழுகை. அங்கே இருந்தவள் என்னைவிட இளையவள், கல்யாணமாகி இரண்டு வருடம். முதல் நாள் சாகாமத்து வயலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. நான் வேலியோரம் நின்று ஜீப்பைப் பற்றிச் சொன்னதுதான் தாமதம், ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீலச் சட்ட போட்டிருந்தாரா டீச்சர்?"

"ஓம்," என்றேன்.

"எங்கட ஆள்தானே? தொப்பி போட்டிருந்தாரா?"

"ஓம் புள்ள, வெள்ளத் தொப்பி. ஹயாத்தோட, உசிரோட இரிக்கார். நான் கண்ட."

பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் கேட்கக் கேட்க எனக்கு அது தெரிந்தது. அந்த வருடம் யாரைக் கண்டாலும் முதலில் தலையைத்தான் பார்ப்போம், முஸ்லிமா தமிழரா என்று. தலையைப் பார்த்திருப்பேன், அதில் தொப்பியும் இருந்திருக்கும் என்று என் மனம் தானாகவே முடித்துக்கொண்டது. பள்ளிவாசலில் இருந்து வந்து கேட்டார்கள், அவருடைய வாப்பா கேட்டார். ஒவ்வொரு தடவையும் படம் தெளிவாகிக்கொண்டே போனது. கடைசியில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார் என்றுகூடச் சொன்னேன்.

கண்ட சாட்சி இருப்பதால் அவளை விதவையாக இத்தா இருக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நாலு மாதம் பத்து நாள் வெள்ளை உடுத்து, வீட்டுக்குள் இருந்து, பிறகு வாழ்க்கையைப் பார்த்திருக்கலாம். அதற்குப் பதிலாக இரண்டு வருடம் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கேட்டு வந்த நல்ல இடங்களை அவளுடைய உம்மா திருப்பி அனுப்பினார்.

ஒருநாள் அவளுக்கு அலுமாரியை ஒதுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருடைய மடித்த சாரன்களுக்கு மேல் ஒரு வெள்ளைத் தொப்பி இருந்தது.

"அவர்ட்ட இது ஒண்டுதான் டீச்சர். அண்டைக்குக் கழுவிக் காயப்போட்டுட்டு வெறுந்தலயோடதான் வயலுக்குப் போனார்," என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு விளங்கியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

ஒரு கிழமை நான் தூங்கவில்லை. கண்ணை மூடி அந்த ஜீப்பைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தேன். எவ்வளவு முயன்றாலும் அந்தத் தலையிலிருந்து தொப்பி கழலவே இல்லை. இன்றுவரை கழலவில்லை. பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. கடைசியில் அவளிடம் போய்ச் சொன்னேன்: "எனக்குத் தெரியா புள்ள. ஒரு ஆளக் கண்ட. அவ்வளவுதான்."

அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பள்ளிவாசல் லெப்பையிடமும் பெரியவர்களிடமும் கேட்டு, அந்தக் கிழமையே இத்தாவுக்கு அமர்ந்தாள். நான் சொன்ன ஒரு சொல்லில் இரண்டு வருடம் உயிரோடிருந்த மனிதர், இன்னொரு சொல்லில் மவுத்தானார்.

மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். யன்னல் சாத்தியிருந்தது. வெள்ளைச் சீலையில் பாயில் இருந்தவள் என்னை உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டாள்: 

"டீச்சர், அப்ப அந்த ஜீப்புல போனது ஆரு?"

அப்போதுதான் எனக்கு அந்த மற்றத் தாய் ஞாபகத்துக்கு வந்தார். ஜீப்பைக் கண்டு நாலைந்து நாள் கழித்து, பாடசாலை வாசலில் ஒரு பெண் என்னைத் தேடி வந்திருந்தார். காரைதீவு ஆள், நெற்றியில் திருநீறு. அன்றைக்குப் பஸ்ஸில் வந்தவர்களையெல்லாம் விசாரித்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். "என்ட மகனக் காணல்ல. ஜீப்புல இருந்த ஆள நீங்க கண்டயாம்."

"அது எங்கட ஆள். தொப்பி போட்டிருந்தார். நான் நல்லாக் கண்ட," என்று சொல்லி அனுப்பினேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவள் அப்படிக் கேட்டதற்கு மறுநாள் காரைதீவில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பெயரும் தெரியாது, வீடும் தெரியாது. அந்தத் தாய் என் முன்னால் எவ்வளவோ நேரம் நின்றிருந்தார். அவருடைய முகம் எனக்கு ஞாபகம் வரவில்லை. ரோட்டில் போன இரண்டு பெண்களிடம், மகனைத் தொலைத்த ஒரு அம்மாவைத் தெரியுமா என்று கேட்டேன்.

"எந்த அம்மா?" என்று கேட்டார்கள்.