பல்கனியில் காற்றாடிய உடுப்பு

தொண்ணூறுகளில், டோர்செட் பார்க் அடுக்குமாடியில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணை கனவில் நடப்பவர்போல நடப்பார். எல்லை கடந்து கொலராடோவுக்குப் போய், அரச காட்டில் குதிரையளவு எல்க் மானை வில்லால் வேட்டையாடுவது அவர் திட்டம். மனித வாடை பட்டால் மான் ஓடிவிடுமென்று, வேட்டை உடுப்பைக் கோடை முழுக்கப் பல்கனியில் காற்றாட விட்டிருந்தார்.

அவர் புறப்படும் நாளென்று தெரியாமல் என் மனைவி கறித்தூளுக்கு மிளகாயும் மல்லியும் வறுத்துவிட்டாள். பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் உடுப்பை மெல்ல முகர்ந்தார். "இனித் தோய்க்க நேரமில்லை. உதோடையே போறன்."

"இந்த மணத்துக்கு மான் ஓடிடுமெல்லே, அண்ணை?"

"ஓடட்டும். ஓட முதல் ஒருக்கா நிண்டு, உதென்ன மணமெண்டு யோசிக்குமல்லோ. அப்ப அதைப் பாத்தாலே எனக்குப் போதும்."

லிஃப்ட் கதவு மூடியது. அவர் கையில் வில் இருந்ததா என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வருவதில்லை.